கீழ் டிராயரில் இருந்த கல்யாணம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று சங்க மலருக்காகக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு என் பணிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க நேரம் இருந்திருக்காது. பார்த்திருந்தால் வேறு ஆளைத் தேடியிருப்பார்கள். அதில் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பதிவு இருக்கிறது. அந்தப் பதிவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மனதுக்குள் நினைப்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு ஓய்வூதியம் போடுகிற உங்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள், திட்டத்தின் பெயரை அவ்வப்போது மாற்றுகிறார்கள், கடைசியில் கைக்கு என்ன வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். பந்தியில் நின்று பரிமாறுகிறவர்களுக்கு இலை இல்லை. நான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே உங்களிடம் பேசுகிறேன். அந்தக் கூச்சம் எனக்கு இருக்கிறது. ஆனால் இலையில் உட்கார்ந்தவன் சாப்பாட்டை எப்படித் தட்டிவிட்டுக்கொள்ளப் பார்த்தான் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

நான் கடைசி ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தது குடும்ப ஓய்வூதியப் பிரிவு. கணவனை இழந்த அம்மாக்கள்தான் அங்கே பெரும்பாலும் வருவார்கள். இப்போது உங்களுக்கு விரல் ரேகை, முகம் பார்க்கிற செயலி எல்லாம் வந்துவிட்டது. அப்போது வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரலில் ஆரம்பித்து, எல்லோரும் நேரில் வர வேண்டும். அதற்கு 'நேர்காணல்' என்று பெயர். வந்தவர் உயிரோடு இருக்கிறார், வராதவர் சந்தேகம். மயிலாப்பூர் வாத்தியார் ஒருவர் வருடம் தவறாமல் கேட்பார்: "நான் இருக்கேன்னு சொல்ல நானே வரணும்ங்கறேள். சரி. போனவா போயிட்டேன்னு சொல்ல யார் வரா?" அடையாற்றிலிருந்து வரும் தலைமையாசிரியை ஒருவர் சொல்வார்: "பிள்ளைங்க மாசத்துக்கு ஒரு நாள் போன் பண்றாங்க. கவர்மெண்ட் மாசத்துக்கு ஒரு நாள் பணம் போடுது. எது பாசம்னு எனக்குக் குழப்பமா இருக்கு சார்." இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் அந்தப் பிரிவிலிருந்து மாற்றல் கேட்கவில்லை.

அம்மாக்களுக்கு இன்னொரு சடங்கும் உண்டு. 'நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை' என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மறுமணம் ஆனால் முதல் கணவரின் ஓய்வூதியம் நின்றுவிடும். எண்பதைத் தொடும் அம்மாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாலும் கேட்டாக வேண்டும். எப்படிக் கேட்பது? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "என்னம்மா, இந்த வருஷமும் கல்யாணம் ஆகலியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் படிவத்தை நீட்டுவேன். மாட வீதி மாமி ஒருத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாத்துண்டிருக்கோம். ஜாதகம்தான் சேரமாட்டேங்கறது" என்றாள். வரிசையே சிரித்தது. அலுவலகத்தில் எனக்கு நகைச்சுவையாளர் என்று பெயர் வந்தது. பெயர் வந்தவன் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

நொச்சிக்குப்பத்து அஞ்சலையிடமும் அப்படித்தான் கேட்டேன். அஞ்சலையின் புருஷன் அரசு அலுவலகம் ஒன்றில் காவலராக இருந்து, வேலையில் இருக்கும்போதே இறந்துபோனவர். அவள் சாலையோரத்தில் மீன் விற்பாள். கடல் கொடுக்காத மாதங்களில் ஓய்வூதியம் கொடுக்கும். ஐம்பதைத் தாண்டியவள், ஒரு மகன் உண்டு.

"என்ன அஞ்சலை, இந்த வருஷமும் கல்யாணம் ஆகலியா?"

"இந்த வருசம் ஆவப்போவுது சார்."

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இன்னா சிரிப்பு? நெசமாத்தான் சொல்றேன். ஆவணியில வெச்சிகீது."

அவள் எழுந்து வந்த நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். கோடம்பாக்கம் தணிகாசலம். அரசு ஜீப் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்து பல வருடம் ஆனவர். மாப்பிள்ளை நான்தான் என்பதைச் சொல்ல அவருக்கு வேறு முறை தெரியவில்லை போலும். வாகனப் பதிவேடு கேட்ட அதிகாரி முன் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நாலைந்து வருடமாக, காலையில் முதலில் வந்து அஞ்சலைக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடையைப் போட்டு வைப்பவர் அவர்தான். மறுமணம் ஆகவில்லையே என்று சரிபார்ப்பதற்காக வருடா வருடம் நாங்களே ஆட்களைக் கூட்டி, நாற்காலி போட்டு, நாலு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறோம்.

"இன்னிக்கு ஆவல. இதுல கையெழுத்து போட்டா பொய்யாவுமா சார்?" என்றாள் அஞ்சலை.

உள்ளே இருந்து எங்கள் கண்காணிப்பாளர் அம்மா குரல் கொடுத்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் போன் போட்டுத் திட்டுவார். "இன்னைக்கு ஆகலைன்னா இன்னைக்குப் போடும்மா. ஆன அன்னைக்கு எழுதிக் குடு. படிவம் இன்னைக்கு வரைக்கும்தான் பேசும். நாளைக்கு நீதான் பேசணும்."

அஞ்சலை கையெழுத்துப் போட்டாள். ஆவணி முடிவில் சொன்னபடியே வந்து நின்றாள். கோடு போட்ட தாளில் தணிகாசலம் எழுதிய கடிதம், கூடவே திருமணப் பதிவுச் சான்றின் நகல்.

"கட்டிகினேன் சார். அந்தப் பென்சன நிறுத்திக்க."

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த நல்லவன் விழித்துக்கொண்டான். பிள்ளைகளே, அலுவலகத்தில் கெட்டவன் விழித்தால் கூட இருப்பவர்கள் உஷாராகிவிடுவார்கள். நல்லவன் விழித்தால் யாருக்கும் தெரியாது.

"என்னம்மா அவசரம்? உன் பிள்ளை என்ன சொல்றான்?"

"அவனா? 'கல்யாணம்லாம் இன்னாத்துக்கு, சும்மா ஒண்ணா இருந்துக்கோ, பென்சன் போவாது'ன்றான். பெத்த அம்மாவாண்ட பேசற பேச்சா சார் இது?"

"அவன் சொல்றதுலயும் ஒரு..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை.

"நான் ஐஸ் மீன ஐஸ் மீனுன்னு சொல்லித்தான் விக்கிறேன் சார். நீ வாங்கிக்கோ. இந்தக் காப்பில ஒரு சீலு குத்திக் குடு."

"ஏன் அஞ்சலை, என்மேல நம்பிக்கை இல்லியா?"

"உம்மேல கீது. கவர்மெண்ட் மேலதான் இல்ல."

அரசாங்கத்தின் முத்திரை என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. குத்த அரை நிமிடம் ஆகாது. நான் குத்தவில்லை. பிறகு குத்தித் தருகிறேன் என்று அந்தக் காப்பியையும் கடிதத்தோடு வாங்கிக் கீழ் டிராயரில் வைத்தேன். அவள் போன பிறகு எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த டிரைவர் எப்படிப்பட்ட ஆளோ? நாலு மாதத்தில் சண்டை போட்டுத் துரத்திவிட்டால் இவள் என்ன செய்வாள்? நின்ற ஓய்வூதியத்தைத் திரும்ப எழுப்புவது நடக்கிற காரியமா? கொஞ்ச நாள் பார்ப்போம். அதாவது, கல்யாணத்துக்குத் தகுதிகாண் பருவம் போட்ட முதல் அரசு ஊழியன் நான்தான்.

கார்த்திகையில் ஒரு நாள் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "சார், துட்டு வந்துகினே கீதே?"

"கம்ப்யூட்டர்ல கொஞ்சம் லேட் ஆகும்மா."

நம் அலுவலகத்தில் யார் தப்பு செய்தாலும் மறுபேச்சில்லாமல் பழி ஏற்கும் ஒரே ஊழியர் கம்ப்யூட்டர்தான். அதற்கும் ஓய்வூதியம் கிடையாது.

மார்ச்சில் தணிக்கைக் குழு வந்தது. எனக்கு ஓய்வுபெற ஐந்து மாதம் பாக்கி. இதற்குள் தணிகாசலம் ஒரு காரியம் செய்திருந்தார், முறையான காரியம். தனக்குப் பிறகு தன் ஓய்வூதியம் மனைவிக்குப் போகட்டும் என்று அஞ்சலையின் பெயரைச் சேர்க்க, அடுத்த அறையில் இருந்த பிரிவில் மனு கொடுத்திருந்தார். அங்கே நல்லவர்கள் யாரும் இல்லாததால் மனு வாங்கிய அன்றே முத்திரை விழுந்து, பத்து நாளில் வேலை முடிந்திருந்தது. தணிக்கைக்காரர் கண்ணில் இரண்டு பதிவேடும் ஒன்றாகப் பட்டன. ஒரே அஞ்சலை, ஒரே புகைப்படம். இந்தப் பதிவேட்டில் விதவை, அந்தப் பதிவேட்டில் மனைவி.

அறிவிப்பு போனது. 'மறுமணத்தை மறைத்து ஆறு மாதம் ஓய்வூதியம் பெற்றமைக்காக' என்று தொடங்கி, பணத்தைத் திரும்பச் செலுத்த வேண்டும், தவறினால் காவல் துறையில் புகார் என்று முடிந்தது. அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தது என் பிரிவு. சரிபார்த்துச் சுருக்கொப்பம் இட்டது நான்.

மூன்றாம் நாள் அஞ்சலை வந்தாள். ஜன்னலுக்கு வரவில்லை, நேராக உள்ளே தணிக்கைக்காரர் மேசைக்குப் போனாள். கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இடுப்பிலிருந்து பாஸ் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஆறு மாச துட்டும் இதுல அப்டியே கீது. ஒரு ரூவா தொடல. எப்பனா கேப்பீங்கன்னு தெரியும். எட்துக்கோ. ஆனா இந்தக் காயிதத்துல 'மறைச்சு'ன்னு போட்டுகீதாம், எம் புருசன் படிச்சி சொன்னாரு. அத எடு."

தணிக்கைக்காரர் நிதானமானவர். "பணத்தைக் கட்டிட்டா பிரச்சனை இல்லம்மா. அந்த வார்த்தை எப்பவும் போடறதுதான்."

"துட்டுக்கா வந்தேன்? குப்பம் பூரா தெரிஞ்சிபோச்சி. மீன் வாங்க வரவ தராச தூக்கிப் பாக்குறா. நான் மறைக்கல. வந்து எய்திக் குட்தேன்."

"யார்கிட்ட குடுத்தீங்க?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் நாலு மேசை. நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் ஒரு கோப்பைத் திறந்து பக்கம் புரட்டினேன். எந்தக் கோப்பு என்று இன்றைக்கும் தெரியாது.

"கவர்மெண்டாண்ட குட்தேன்," என்றாள் அஞ்சலை.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொல்வேன் என்று விட்டுவிட்டுப் போனாள். அது எனக்குப் போட்ட தகுதிகாண் பருவம்.

இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் கணக்குப் போட்டேன். நான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தால், கடமை தவறியதற்கு 17 பி விதிப்படி ஒழுங்கு நடவடிக்கை. அந்த விதியின் பெயர் உங்களுக்கும் தெரிந்திருக்கும், நம் உத்தியோகத்தில் அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டோம். ஓய்வுபெறும் நாளில் அது நிலுவையில் இருந்தால் பணிக்கொடை நிற்கும், ஓய்வூதியமும் தற்காலிகமாகத்தான் வரும். பணிக்கொடையை நம்பித்தான் அடையாற்று வீட்டுக் கடனின் கடைசித் தவணைகளை வைத்திருந்தேன். கொடுக்காவிட்டால்? எனக்கு ஒன்றும் ஆகாது. முத்திரை இல்லாத கடிதம், சாட்சி இல்லாத ஜன்னல். பணமும் திரும்பி வந்துவிட்டது. பாக்கி ஒரே ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைக்காக ஒருவன் முப்பது வருட ஓய்வூதியத்தைக் கொடுப்பானா என்று மனைவியிடம் பொதுவாகக் கேட்டேன். "யாரோட வார்த்தை?" என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் அம்மாவிடம் போய், ஒரு சந்தேகம் என்றேன். "ஒருத்தர் ஒரு தபாலை வாங்கி, முத்திரை போடாம, நல்ல எண்ணத்துல வெச்சிருந்தா..."

அவர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த ஒருத்தருக்கு ரிடையர்மெண்ட் எப்போ?"

"ஆகஸ்ட், மேடம்."

"அஞ்சலைக்கு?"

"அஞ்சலைக்கா மேடம்?"

"அவளுக்கு ரிடையர்மெண்டே கிடையாதுய்யா. உடம்பு இருக்கறவரைக்கும் ரோட்டோரம் உக்காந்து மீன் விக்கணும். திருடின்னு பேரோட விக்கணும். நீ ஆகஸ்ட்ல மாலையைப் போட்டுக்கிட்டுப் போயிடுவே." பேனாவை மூடி வைத்தார். "இரக்கப்படணும்னா உன் சம்பளத்துல இரக்கப்படு. ஃபைல்ல ஏன்யா இரக்கப்படறே? போ. சாவியை எடு."

டிராயரைத் திறந்தேன். கடிதம், சான்றின் நகல், அவள் முத்திரை கேட்டு நீட்டிய அந்த இன்னொரு காப்பி, மூன்றும் இருந்தன. வெள்ளைத்தாளில் என் கைப்பட எழுதினேன்: இன்ன தேதியில் இந்தக் கடிதத்தை நான் பெற்றேன், முத்திரையிடவில்லை, அனுப்பவில்லை, பணம் ஏன் நிற்கவில்லை என்று அவர் நேரில் வந்து கேட்டபோதும் பொய் சொன்னேன். கடைசி வாக்கியத்தை எழுதத் தேவையில்லை என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதே நல்லவன்தான். அந்த ஒரு தடவை அவன் பேச்சைக் கேட்கவில்லை.

தணிக்கைக்காரர் படித்தார். நல்ல மனிதர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு மாசம் பொறுத்திருக்கலாமே சார்" என்றார். அவருக்குள்ளும் ஒரு நல்லவன் இருந்தான், பாவம்.

திருத்திய அறிவிப்பை நானே தட்டச்சு செய்தேன். 'மறைத்து' போய்விட்டது. 'உரிய காலத்தில் எழுத்து மூலம் தெரிவித்தும், அலுவலகத்தில் நடவடிக்கை எடுக்கப்படாததால்' என்று வந்தது. அஞ்சலை ஜன்னலில் நின்று என்னையே படிக்கச் சொன்னாள். படித்தேன். "சத்தமா படி சார், பின்னால கீறவங்களுக்குக் கேக்கல" என்றாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி மறுபடி படித்தேன். பிறகு அதன் இரண்டு நகலிலும் முத்திரையை அழுத்திக் குத்தி, ஒன்றை அவளிடம் கொடுத்தேன். மை காயும்வரை அதை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். பணத்தைக் கட்டிய ரசீதையும் முத்திரையோடு கேட்டு வாங்கினாள்.

ஆகஸ்டில் மாலை போட்டார்கள். பணிக்கொடை வரவில்லை, தற்காலிக ஓய்வூதியம் மட்டும் வந்தது. விசாரணை ஒரு வருடம் நடந்தது. "வரும்மா, வரும்" என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே ஜன்னலுக்கு வெளியே நின்று, "வரும் சார், வரும்" என்பதைக் கேட்டேன். உள்ளே இருந்து சொல்லும்போது அது ஆறுதல். வெளியே கேட்கும்போது அது வேறு ஒலி. உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு நாளாவது ஜன்னலுக்கு வெளியே நிற்கவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

விசாரணை முடிந்து சிறு தண்டனையோடு ஆணை போட்டாயிற்று என்று மேலிடத்தில் சொன்னார்கள். ஆனால் ஆணை கைக்கு வரவில்லை. ஐந்து மாதம் அலைந்தேன். கடைசியில் கண்டுபிடித்தால், எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த தம்பி அதைத் தன் டிராயரில் வைத்திருக்கிறான். கேட்டால் கண் கலங்குகிறான். "அதுல உங்க பென்ஷன்ல கொஞ்சம் வெட்டு போட்டிருந்தாங்க சார். பாக்க மனசு வரல. புது அதிகாரி வர்றார், அவர்கிட்ட சொல்லிக் குறைக்கலாமேன்னு..." எந்த டிராயர் என்று கேட்டேன். கீழ் டிராயர்.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. முத்திரையை எடுத்து அவன் கையில் கொடுத்து, "குத்து" என்றேன். குத்தினான். அந்த மாதமே பணிக்கொடை வந்தது, நிரந்தர ஓய்வூதியமும் வந்தது, வெட்டுப் போக. அந்த வெட்டுதான் பதிவேட்டில் இருக்கும் சிவப்பு மை. வீட்டுக் கடனுக்கு இதற்குள் ஏறியிருந்த வட்டி, அந்தத் தம்பியின் இரக்கத்துக்கு நான் கொடுத்த விலை. என் இரக்கத்துக்கு அஞ்சலை கொடுத்த விலை அதைவிட அதிகம் என்பதால் கணக்கு நேராகவில்லை.

போன ஏப்ரலில் நேர்காணலுக்குப் போனேன். செயலியில் காட்டினால் போதும் என்கிறார்கள், என் முகத்தை அது ஏற்கமாட்டேன் என்கிறது. மனைவியும் துணைக்கு வந்தாள். வராந்தாவில் ஒரு நாற்காலியில் குடை கிடந்தது. பக்கத்தில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் அஞ்சலை வந்து குடையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் கையெழுத்துப் போட அங்கே ஒன்றுமில்லை, துணைக்கு வந்தவள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னா சார், உசுரோட கீறியா? அத சொல்லத்தான வந்த?"

"ஆமாம் அஞ்சலை."

"சீலு வாங்கினியா?"

"இன்னும் இல்ல."

"வாங்காம பூடாத." பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, இந்தாளு பூட்டா நீதான் இங்க வரணும். வருசா வருசம் கல்யாணம் ஆவலன்னு எய்தித் தரணும். அப்பறம் சொல்லலன்னு சொல்லாத. இந்த வராந்தாவுல நல்ல ஆளுங்க கெடைப்பாங்க. சீக்கிரம் வந்து குடை போட்டு வெச்சிக்கோ."

தணிகாசலம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வரிசை சிரித்தது. என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உள்ளே இருந்த புதுப் பெண் ஜன்னலில் தலையை நீட்டி, என் படிவத்தை வாங்கி, என் முகத்தைப் பார்த்து, முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் மனைவி கேட்டாள்: "அந்த நாற்காலியெல்லாம் எத்தனை மணிக்குப் போடுவாங்க?"